சில்லுக்குள் இருக்கும் காற்று

மாட்டு வண்டியிற் பயணம் புறப்படுகின்றவன் ஏறி அமருமுன் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஆணி இறுகியிருக்கின்றதா, அச்சுக்கு எண்ணெய் போதுமா என்று பாராமல் மாட்டைத் தட்டிவிட்டவனை எந்த ஊரும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. மாட்டு வண்டி நின்ற முற்றத்தில் இன்று மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அதை எடுத்துச் செல்கின்றவர் பெற்றோல் இருக்கின்றதா என்று பார்க்கிறார்; எஞ்சின் எண்ணெயைப் பார்க்கிறார்; கண்ணாடியைத் திருப்பித் தலைமயிரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறார். சில்லுக்குள் இருக்கும் காற்றைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

பார்ப்பவருள்ளும் பலர் பார்க்கும் முறை வேடிக்கையானது. ஒருவர் பெருவிரலால் ரயரை அமுக்கிப் பார்ப்பார். இன்னொருவர் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "காற்று நல்லாய் இருக்கு" என்று தீர்ப்புக் கூறுவார். இந்த இரண்டு சோதனைகளிலும் ஒரு ரயர் தோற்பதாயின் அது ஏறக்குறைய வெறும் ரயராகவே இருத்தல் வேண்டும். 20 இறாத்தல் காற்றும் 30 இறாத்தல் காற்றும் விரலுக்கு ஒன்றே. இரண்டும் கல்லுப்போலவே இருக்கும். ஆனால் வளைவிலே வண்டி சரியும்போதும், மழையிலே பிறேக் பிடிக்கும்போதும் அந்தப் பத்து இறாத்தல் பெரிய வேறுபாடாகிவிடும்.

இறாத்தல் என்று இங்கே சொல்வது ஒரு சதுர அங்குலப் பரப்பின்மீது இத்தனை இறாத்தல் என்னும் அமுக்கத்தின் சுருக்கம். ரயர்க் கடைகளில் இதனையும் விட்டு, இருபத்தெட்டு, முப்பது என்று வெறும் எண்ணாகவே சொல்வார்கள். புதிய வண்டிகளிற் கிலோபஸ்கால், பார் என்னும் அளவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். 100 கிலோபஸ்கால் ஒரு பார். அது பதினான்கரை இறாத்தலுக்குச் சமம். ஆகவே 200 கிலோபஸ்கால் என்று கண்டால் 29 இறாத்தல் என்று கொள்ளலாம்.

வண்டியையும் அதன்மேல் இருப்பவரையும் தாங்குவது எது என்று கேட்டால், ரயர் என்று எவரும் சொல்லிவிடுவர். உண்மையிற் பெரும்பாலும் தாங்குவது காற்றுத்தான். இறப்பரும் அதனுள் நெய்யப்பட்ட நூலும் அந்தக் காற்றைக் கட்டிவைத்திருக்கும் பாத்திரம் மாத்திரமே. காற்று இறங்கிய ரயர்மேல் ஏறி நூறு யார் ஓடிப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த உண்மையை முதலிற் கண்டவர் றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர். 1845 ஆம் ஆண்டு காற்றடைத்த சில்லுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அந்நாளில் அதற்கு ஏற்ற வண்டி இல்லாமையால் உலகம் அதை மறந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம்முடைய சிறு மகனின் முச்சில்லு வண்டி கற்றெருக்களிலே குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணி, தொம்சனின் முயற்சியை அறியாமலே, காற்றடைத்த இறப்பர்க் குழாயைச் சில்லைச் சுற்றிக் கட்டினார். 1888 இல் அவரும் காப்புரிமை பெற்றார். தொம்சன் முந்திக்கொண்டமை பின்னர் வெளிப்பட்டபோது அது செல்லாமற் போயிற்று. இந்தக் கதையில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளின் கன்றுகள் 1876 இல் இங்கே அனுப்பப்பட்டுக் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. டன்லொப் தம் மகனின் வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது, பின்னர் உலகத்து ரயர்களுக்குப் பால் சுரக்கவிருந்த மரங்கள் இங்கே வளர்ந்துகொண்டிருந்தன.

காற்று எவ்வாறு தாங்குகின்றது என்பதற்கு ஒரு சிறு கணக்கு உண்டு. அது விளங்கினால் மற்றையவை தாமே விளங்கும். சில்லின்மேல் இருக்கும் பாரத்தை ரயரின் அமுக்கத்தாற் பிரித்தால், ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒருவர் மட்டும் போகும்போது பின் சில்லின்மேல் 240 இறாத்தல் பாரம் இருப்பதாகக் கொள்ளலாம். உள்ளே 28 இறாத்தல் அமுக்கம் இருந்தால், நிலத்தைத் தொடும் பரப்பு எட்டரைச் சதுர அங்குலம். ரயரின் சுவரும் சற்றுத் தாங்குவதால் இது சரிநுட்பமான கணக்கன்று. ஆயினும் உண்மைக்கு அருகே நிற்பது. எட்டரைச் சதுர அங்குலம் என்பது ஒருவருடைய உள்ளங்கையிலும் சிறியது. முன்னே அவ்வளவும் இல்லை. ஓடும் வண்டியைத் தெருவோடு பிணைத்து வைத்திருப்பவை இந்த இரண்டு துண்டு இடங்கள் மாத்திரமே. காற்றின் அளவைத் தெரிவது என்பது இந்த இரண்டு துண்டுகளின் அளவையும் உருவத்தையும் தெரிவதேயாகும்.

இனி அதே வண்டியில் மனைவி பின்னே ஏறுகின்றார். சந்தையில் வாங்கிய அரிசிப் பை ஒன்றும் ஏறுகின்றது. பின்னே ஏறும் பாரம் ஏறக்குறைய முழுவதும் பின் சில்லிலேயே விழும். 240 இறாத்தல் 400 இறாத்தல் ஆகிவிடுகின்றது. காற்று அதே 28 ஆக இருந்தால், ரயர் பதினான்கு சதுர அங்குலத்துக்கு மேல் நசிந்து பரந்துதான் அந்தப் பாரத்தைத் தாங்க முடியும். நிலத்தோடு அதிகம் ஒட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். நன்றன்று. அவ்வளவு நசிவதற்கு ரயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர வேண்டும். ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை மடிந்து நிமிரும் இறப்பர் சூடேறும். கம்பி ஒன்றை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுவதைச் சிறுவர் அறிவர். ரயருக்கு நேர்வதும் அதுவே. கம்பி இறுதியில் எவ்வாறு முறிகின்றதோ, ரயரின் உள்நூலும் அவ்வாறே தளர்ந்து அறும்.

இதனாலேயே வண்டியைச் செய்தவர்கள் பின் சில்லுக்கு இரண்டு அளவுகளைக் குறித்திருக்கின்றனர். நாட்டில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றில் முன்னுக்கு 25, பின்னுக்கு ஒருவர் செல்லும்போது 28, இருவர் செல்லும்போது 32 என்று இருக்கும். சிலவற்றில் இருவருக்குரிய அளவு 40 ஐயும் தாண்டும். பெரிய எஞ்சின் பூட்டிய, அகன்ற ரயர் வண்டிகள் பலவற்றில் முன்னே 36, பின்னே 42. ஆகவே பக்கத்து வீட்டாருடைய வண்டிக்கு எவ்வளவு என்று கேட்டு அவ்வளவை அடிப்பது, பக்கத்து வீட்டாருடைய மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதை ஒக்கும். தம் வண்டிக்கு உரிய எண் தம் வண்டியிலேயே இருக்கும். சங்கிலி மறைப்பின்மேலோ, பின் சில்லைத் தாங்கும் கையின்மேலோ, இருக்கைக்குக் கீழேயோ ஒட்டியிருக்கும் ஒட்டுத்தாளிற் பார்க்கலாம்; வண்டியோடு வந்த கைந்நூலிலும் பார்க்கலாம். ஒட்டுத்தாள் அழிந்து, கைந்நூலும் தொலைந்து, வண்டி மூன்றாம் கைக்கு மாறியிருந்தால், அந்த வகை வண்டியை விற்கும் முகவரிடம் ஒரு முறை கேட்டு எழுதிவைத்துக்கொள்வது பெரிய வேலையன்று.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் அவசியம். ரயரின் பக்கச் சுவரிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 36 என்றோ 41 என்றோ இருக்கும் அந்த எண்ணைக் கண்டு, இதுவே அடிக்க வேண்டிய அளவு என்று பலர் கொள்கின்றனர். ரயர்க் கடைக்காரரும் சிலர் அவ்வாறே கொள்கின்றனர். அந்த எண்ணின் பொருள் வேறு. இந்த ரயர் தாங்கக்கூடிய உச்சப் பாரத்தை ஏற்றும்போது அதற்கு வேண்டிய காற்று இவ்வளவு என்பதே அதன் கருத்து. ரயரைச் செய்தவருக்கு அது எந்த வண்டியிற் பூட்டப்படப்போகின்றது என்பது தெரியாது. வண்டியைச் செய்தவருக்கே தம் வண்டியின் நிறையும், அது முன்னும் பின்னும் பிரியும் விதமும், விற்சுருளின் இயல்பும் தெரியும். ஆதலால் வண்டிக்காரன் சொல்லே எடுபட வேண்டியது. வண்டியோடு வந்த அளவை விட்டு, அழகுக்காக அகன்ற ரயர் பூட்டுகின்ற இளைஞர், இந்த நல்ல வழிகாட்டியையும் கூடவே கழற்றி எறிந்துவிடுகின்றனர்.

காற்றுக் குறைந்தால் நேரும் தீமைகளுட் சில மெல்ல வருபவை. முன் சில்லிற் குறைந்தால் கைபிடி பாரமாகும். வளைவிலே திருப்பினால் வண்டி சற்றுப் பிந்தித் திரும்பும். ரயரின் இரு ஓரங்களும் விரைந்து தேயும். எரிபொருளும் வீணாகும். 2022 ஆம் ஆண்டின் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுக்கப்பட்டது. அந்த நாலு லீற்றரில் ஒரு பங்கு, நசிந்த ரயரைச் சூடாக்குவதற்கே செலவாயிற்று என்று அறிந்திருந்தால், வரிசையில் நின்றவர்கள் காற்றுப் பம்பியைத் தேடி ஓடியிருப்பர்.

திடீரென வரும் தீமை இதனினும் கொடியது. கம்பிச் சில்லு பூட்டிய வண்டிகளில் ரயருக்குள் ரியூப் இருக்கும். காற்றின் அமுக்கமே ரயரை இரும்பு வளையமாகிய றிம்மோடு இறுக்கிப் பிடிக்கின்றது. அமுக்கம் குறைந்தால் அந்தப் பிடி தளரும். பிறேக் பிடிக்கும்போதும் வேகம் ஏற்றும்போதும் ரயர் றிம்மின்மேல் அணு அணுவாகச் சறுக்கும். ரியூபையும் தன்னோடு இழுக்கும். ரியூபின் வால்வோ றிம்மின் துளையிலே மாட்டி நிற்கின்றது. இழுபட்ட ரியூப் ஒரு நாள் வால்வின் அடியிற் கிழியும். கிழிந்தால் ஆணி குத்தியதுபோல மெல்ல இறங்காது. ஒரே மூச்சிற் காற்று முழுதும் போய்விடும். இது வருமுன் ஓர் அடையாளம் காட்டும். றிம்மிலே நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சாய்ந்த வால்வைக் கண்டவர் அன்றைய பயணத்தை நிறுத்தி, ரயர்க் கடைக்குப் போவதே தக்கது. அலோய் சில்லிற் பூட்டும் ரியூப்லெஸ் ரயர்களில் இந்த ஆபத்து இல்லை. ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். ஆயினும் காற்று மிகக் குறைந்தால், பள்ளத்தின் விளிம்பிலே மோதும்போது ரயரின் ஓரம் றிம்மை விட்டு நெகிழக்கூடும்; றிம்மும் நெளியக்கூடும்.

ஏ-9 வீதியிலே நண்பகல் வேளையில், முன்னே தந்தையும், நடுவே குழந்தையும், பின்னே தாயுமாகச் செல்லும் ஒரு வண்டியை எண்ணிப் பார்க்கலாம். பின் ரயரில் 32 இருக்க வேண்டிய இடத்தில் 20 இருக்கின்றது. தெரு கொதிக்கின்றது, ரயர் அதனினும் கொதிக்கின்றது. அந்த வேளையில் ரியூப் கிழிந்தால் பின் சில்லு வாலைப்போல ஆடத் தொடங்கும். அப்போது செய்யத்தக்கது இன்னதென்று முன்னரே தெரிந்திருத்தல் நன்று. கைபிடியை இறுகப் பிடித்து நேராக வைத்து, வேகக் கைபிடியை மெல்லத் திருப்பி மூட வேண்டும். காற்றுப் போன சில்லின் பிறேக்கைத் தொடாமல், காற்றுள்ள சில்லின் பிறேக்கை மாத்திரம் மெல்லப் பிடித்து ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். பலரும் பதற்றத்தில் இதற்கு மாறாகவே செய்கின்றனர். வீட்டிலே புறப்படுமுன் இரண்டு நிமிடம் செலவிட்டிருந்தால் இந்தச் சோதனையே நேர்ந்திராது.

அப்படியாயின் நிறைய அடித்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று கொள்வாரும் உளர். கடைகளிலே முன்னும் பின்னும் 40 என்று அடித்து, "இனி ஒரு மாதத்துக்குப் பார்க்கத் தேவையில்லை" என்று அனுப்புவது சாதாரணமாக நடக்கின்றது. கல்லுப்போன்ற ரயரில் ஆணி ஏறாது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆணி அந்த நம்பிக்கையை மதிப்பதில்லை. அளவு மீறிய காற்று ரயரை ஒரு பந்தைப்போல விறைக்கச் செய்யும். நிலத்தைத் தொடும் பரப்பு சுருங்கும். சிறு கல்லிலும் சில்லு துள்ளும். துள்ளிய சில்லு நிலத்தைத் தொடாத அந்தக் கணத்தில் அதற்குப் பிறேக்கும் இல்லை, பிடியும் இல்லை. தெருவோரத்து மணல் பரவிய வளைவிலே இந்தக் குறை முதலில் முன் சில்லிலேதான் தெரியவரும். அங்கே தெரியவந்தபின் திருத்திக்கொள்ள நேரம் இராது. பள்ளம் ஒன்றின் விளிம்பிலே அடிபட்டால், வளைந்து கொடுக்க வேண்டிய ரயர் விறைத்து நிற்பதால் உள்நூலும் அறும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாவது காற்றுக் கூடியதன் அடையாளம் என்று நூல்கள் கூறும். ஆனால் வளைவு குறைந்த நேர்வீதிகளிலேயே ஓடும் வண்டியில், சரியான காற்று இருந்தாலும் பின் ரயரின் நடுப்பகுதிதான் முதலிலே தேயும். அதை மாத்திரம் கண்டு காற்றைக் குறைத்துவிடுதல் தவறு.

மழை நாளிலே காற்றைச் சிறிது குறைத்தால் பிடி கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெள்ளம் தேங்கிய தெருவில் ரயருக்குக் கீழே அகப்படும் நீரை வெளியே தள்ளுவது ரயரின் அமுக்கமும் அதன் வெட்டுக்களுமே. சில்லு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம், அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடியும் குறைந்தும் வரும் என்பதை அமெரிக்கப் பொறியியலாளர் 1960களில் விமான ரயர்களை வைத்துக் கண்டறிந்தனர். மோட்டார் சைக்கிள் ரயர் உருண்டையாக இருப்பதால் நீரைப் பிளந்துபோகும் இயல்பு அதற்குக் கூடுதலாக உண்டு. காற்றுக் குறைந்து அது தட்டையானால் அந்த நன்மையும் போய்விடும். மழைக்குக் குறைக்க வேண்டியது வேகமேயன்றிக் காற்றன்று.

பந்தய வீரர்கள் காற்றைக் குறைத்து ஓட்டுகின்றார்களே என்று இளைஞர் கேட்பர். கேள்வி நியாயமானதே. பந்தயத் திடலிலே ரயரை மின்போர்வையாற் போர்த்துச் சூடாக்கியபின்னரே வண்டியை வெளியே விடுவர். அங்கே ஓயாத வேகத்தாலும் சரிவாலும் ரயர் மிகுந்த சூடடைந்து அமுக்கம் உயரும். அவ்வாறு உயர்ந்த நிலையிற் சரியாக இருக்கும்படி கணக்கிட்டுத் தொடக்கத்திற் குறைவாக விடுகின்றனர். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வீதியில் ஓட்டோக்களுக்கும் பஸ்களுக்கும் இடையே நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு ஒருநாளும் வரப்போவதில்லை. பந்தய வீரர் விட்ட எண்ணை மாத்திரம் எடுத்துக்கொண்டு அவருடைய திடலை விட்டுவந்தவருக்குக் கிடைப்பது நசிந்த ரயரே.

சூட்டைப் பற்றி இன்னும் சிறிது சொல்லுதல் வேண்டும். ஏனெனில் காற்றளப்போர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அடைபட்ட காற்று சூடேறினால் அதன் அமுக்கம் உயரும். மோட்டார் சைக்கிள் ரயரில், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் உயரும். வண்டி செய்தவர்கள் குறித்த எண் குளிர்ந்த ரயருக்கு உரியது. குளிர்ந்த ரயர் என்றால் பனிக்கட்டிபோல என்பதன்று. மூன்று மணித்தியாலமாவது ஓடாமல் நிழலிலே நின்ற ரயர் என்பதே பொருள். காலையிலே வீட்டு வாசலில் அளப்பது எல்லாவற்றினும் சிறந்தது. ஓடிச் சூடான ரயரைப் பெற்றோல் நிலையத்தில் அளந்தால் 28 இருக்க வேண்டிய இடத்தில் 32 காட்டும். அதைக் கூடுதல் என்று எண்ணி நாலு இறாத்தலை வெளியே விட்டவர், மறுநாட் காலையில் 24 இறாத்தலோடு புறப்படுகிறார். 24 இல் ஓடும் ரயர் முன்னையிலும் அதிகம் மடியும், அதிகம் சூடேறும், மாலையில் மீண்டும் கூடுதலாகக் காட்டும். சூடான ரயரிலிருந்து காற்றை விடலாகாது என்று ஒரு விதியை மனத்திற் கொண்டால் இந்தச் சுழலிலிருந்து தப்பலாம்.

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் ஓர் ஐயம் எழுப்புவதுண்டு. கொழும்பிலே 28 அடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறினால் காற்று என்ன ஆகும்? அங்கே குளிர் அதிகம். குளிரில் அமுக்கம் குறையும். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்துக்கு 6,100 அடிக்கு மேல் உள்ளது. அங்கே வெளிக்காற்றின் அமுக்கமும் குறைவு. ரயரின் உட்காற்றை எதிர்த்து வெளியே நிற்கும் காற்று மெலிந்துவிடுவதால், அமுக்கமானி கூடுதலாகவே காட்டும். கொழும்பின் 27 பாகையிலிருந்து நுவரெலியாவின் 15 பாகைக்குப் போவதால் குறைவது ஒன்றே முக்கால் இறாத்தல் அளவு. உயரத்தால் கூடுவது மூன்று இறாத்தல் அளவு. ஒன்றை ஒன்று பெரும்பாலும் ஈடுசெய்ய, 28 இறாத்தல் 29 ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். இதற்காக ஹற்றனில் நிறுத்திக் காற்றை விடவோ அடிக்கவோ வேண்டியதில்லை. மலையிலே கவனிக்க வேண்டியது இறக்கம். நீண்ட இறக்கத்தில் பிறேக் பிடித்துக்கொண்டே வரும்போது பாரம் முன் சில்லின்மேல் சாயும். ஏறும்போது பின் சில்லை மாத்திரம் பார்த்துக்கொண்டவர், இறங்குமுன் முன் சில்லையும் அளந்துகொள்வது நன்று.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அளப்பது? ஆணியும் முள்ளும் குத்தாவிட்டாலும் இறப்பரின் ஊடே காற்று மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். இயற்கை இறப்பர் வலிமை மிக்கதாயினும் காற்றைப் பிடித்துவைப்பதில் அவ்வளவு கெட்டியன்று. 1937 இல் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை இறப்பர் இதிலே சிறந்ததாகையால் ரியூப்கள் அதனாற் செய்யப்படலாயின. அவ்வாறிருந்தும் மாதத்துக்கு ஓரிரு இறாத்தல் போய்விடும். ஆகவே நாளும் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறையும், நெடும்பயணத்துக்கு முந்திய காலையிலும் அளப்பது போதுமானது. மூன்று மாதம் கொட்டிலில் நின்ற வண்டியை அளக்காமல் எடுத்தல் ஆகாது. நைதரசன் அடித்தால் இத்தொல்லை இல்லை என்று விளம்பரம் செய்வாரும் உளர். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தான். மிச்சத்துக்காகப் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால் நைதரசன் அடித்தவரும் அளந்தே ஆகவேண்டும்.

அளப்பதற்கு ஓர் அமுக்கமானி வேண்டும். பேனா அளவிலே சட்டைப் பையில் வைக்கத்தக்க மானிகள் உண்டு. வட்ட முகமுடையனவும் உண்டு. பெற்றோல் நிலையத்திலே பலர் கையிற் பட்டு, நிலத்தில் விழுந்து அடிபட்ட மானி சொல்லுவதை அப்படியே நம்புதல் சரியன்று. அது மூன்று நாலு இறாத்தல் பிழையாகக் காட்டினாலும் கேட்பாரில்லை. சொந்தமாக ஒன்றை வாங்கி எப்போதும் அதனாலேயே அளந்தால், ஒரு ரயர் சென்ற வாரத்திலும் இந்த வாரம் இறங்கியிருக்கின்றதா என்பதாவது ஐயமின்றித் தெரியவரும். ஒரு சில்லு மாத்திரம் வாரந்தோறும் இறங்குமாயின், கண்ணுக்குத் தெரியாத ஆணியோ, பழுதான வால்வோ அங்கே இருக்கின்றது.

வீட்டிலே பம்பி இல்லாதவர் என்ன செய்வது என்ற கேள்விக்கும் எளிய விடை உண்டு. காலையில் வீட்டிலே குளிர்ந்த ரயரை அளந்து, எத்தனை குறைகின்றது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். 28 வேண்டிய இடத்தில் 24 இருந்தால் குறைவு நாலு. பெற்றோல் நிலையத்துக்கு ஓடிப்போனபின் அங்கே மானி 26 காட்டினாலும் 27 காட்டினாலும், காட்டுகின்ற எண்ணின்மேல் நாலைக் கூட்டி அடித்துக்கொண்டால் கணக்குச் சரி. மறுநாட் காலையில் மீண்டும் ஒருமுறை அளந்து, கூடியிருந்தால் அப்போது விட்டுக்கொள்ளலாம். பின்னே ஒருவரை ஏற்றிச் செல்லவேண்டிய நாளில் அதற்குரிய எண்ணுக்கு ஏற்றிவிட்டு, அவரை இறக்கியபின் மறுநாள் பழைய எண்ணுக்குக் கொண்டுவருவதும் இவ்வாறே. நாள்தோறும் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிச் செல்பவருக்கு இருவருக்குரிய அளவையே நிலையாக வைத்திருத்தல் பொருத்தம்.

வேலை முடிந்தபின் வால்வின் வாயிலே சிறிது எச்சிலோ தண்ணீரோ வைத்துக் குமிழி வருகின்றதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திருகிவிட வேண்டும். கடைகளிலே கழற்றிய மூடி நிலத்தில் உருண்டு போவதும், வண்டிக்காரர் அதைத் தேடாமற் புறப்படுவதும் வழக்கமாய்விட்டன. அந்தச் சிறு மூடி புழுதியும் மணலும் வால்வின் உள்ளே புகாமல் தடுக்கின்றது. வால்வின் ஊசி ஒருகால் தளர்ந்தாலும் காற்றைத் தடுத்து நிற்பதும் அதுவே. ஒரு சில ரூபாய்க்கு இரண்டு மூடிகள் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.